மைனஸ் ஒன்பது

வெள்ளிக்கிழமை, ஐந்தே கால்.
ஃபலஜ் அல் கபாயிலில் வெயில் இன்னும் எழவில்லை,
வெக்கை மட்டும் ராத்திரியெல்லாம் படுக்கவே இல்லை.
நிசான் சன்னியின் பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுக்கிறேன்.

காம்பவுண்டுச் சுவரில், சைலன்சருக்கு நேரே,
ஆறு மாதமாக ஒரு கரி வட்டம் வளர்கிறது.
வீட்டுக்காரர் ஹிலால் அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்,
சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விடுவார்.
போன மாதம் பெட்ரோல் இருபத்தாறு ரியால்.
ஆஸ்பத்திரி பதினொரு கிலோமீட்டர்தான்.

"ரிச்சா ஓடுது" என்றான் சனையாவில் மெக்கானிக்.
இந்தக் குடியிருப்பில் ரிச் என்று சொல்ல
ஒன்றாவது இருக்கிறதே என்று சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
இன்ஜெக்டர் நாலும் மாற்றணும். நூற்றி நாற்பது.

ப்ளக்குகளைக் கழற்றி
பழைய டெஸ்ட் டியூப் ஸ்டாண்டில் வரிசையாகச் சொருகுகிறேன்,
வேலைப் புத்தி.
ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த சிலிண்டரைக் கேட்டிருப்பேன்.
நான்கிலும் ஒரே கறுப்பு, உலர்ந்து, விரலில் ஒட்டி,
கண்ணுக்குத் தீட்டிக்கொள்ளலாம் போல.
நான்கு பேருக்கும் ஒரே ராத்திரியில் பேதி என்றால்
நான்கு வயிறுமா கெட்டது?
சமைத்த சட்டியைப் பார்.

ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி பாலைவனம்.
ஆனாலும் தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் தெரிகிறது.
அது இல்லை.

ஸ்கேனர் நிக்சனுடையது.
துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.
வாடகை, ஒரு டப்பா கருவாட்டுத் தொக்கு.
ப்ளக்குகளைத் துடைத்து மாட்டி, ஸ்டார்ட் செய்து,
எண்களை ஓடவிடுகிறேன்.

புகைக்குழாயில் இருக்கிற மூக்கு கத்துகிறது,
புள்ளி ஒன்பது, புள்ளி ஒன்பது,
போதும், பெட்ரோல் போதும்.
கேட்கவேண்டிய கம்ப்யூட்டர் காதே கொடுக்கவில்லை.
திருத்தம் பூஜ்யம்.
இன்னும் சூடாகலை, பொறு என்கிறது.

சூடாகலையா?
கூலன்ட் வெப்பம்:
மைனஸ் ஒன்பது.

நைட்டி முதுகோடு ஒட்டியிருக்கிறது.
ஸ்கேனரின் முனையில் என் வியர்வை சொட்டுகிறது.

பதினான்கு வருடம் ரத்தம் பார்த்தவள்.
பொட்டாசியம் ஒன்பது என்று மெஷின் சொன்னால்
வார்டுக்கு ஓடமாட்டேன்,
அந்த ஆள் கட்டிலில் உட்கார்ந்து ஷவர்மா தின்றுகொண்டிருப்பான்.
கெட்டது அவன் இல்லை, டியூபில் உடைந்த ரத்தம்.

அணைக்கிறேன்.
தெர்மோஸ்டாட் ஓரமாய் இரண்டு வயர், ஒரு சின்ன சாக்கெட்.
பிடுங்கினால் உள்ளே பச்சைக் களிம்பு.
கடல் நாலு கிலோமீட்டர் நடந்து வந்து
இதற்குள் குடியிருந்திருக்கிறது.

பாவம் வண்டி.
ஆறு மாதம் அது பனி நாட்டில் ஓடியிருக்கிறது.
ஊதாரித்தனம் என்று நான் திட்டியதெல்லாம்
யாரோ நடுங்குகிறார்கள் என்று நம்பி
ஊற்றிக்கொண்டே இருந்ததுதான்.

பழைய டூத் பிரஷ், ஒரு பீச்சு ஸ்ப்ரே.
தேய்க்கும்போது மாடியிலிருந்து ரொசாரியோவின் மனைவி கேட்கிறாள்,
எண்ணெய் மாத்துறியா?
ஆமாம் என்கிறேன். விளக்க நேரமில்லை, சூரியன் வருகிறது.

தம்பி போன் செய்தால் முதலில் கேட்பது: அங்க வெயிலாக்கா?
இல்லடா, ஏசி. ஸ்வெட்டர் போட்டிருக்கேன்.
பொய்யும் இல்லை. லேபில் பதினெட்டு டிகிரி.
அந்த ஸ்வெட்டரை நம்பித்தான்
அவன் இரண்டாவது மாடி எழுப்புகிறான்.

மாட்டுகிறேன், க்ளிக்.
எழுபத்தொன்று.
எண்பது.
எண்பத்தெட்டில் நின்றது.
மூக்கு இப்போது
போதும் என்கிறது, போதாது என்கிறது,
போதும், போதாது.
கம்ப்யூட்டர் தலையாட்டிக் குறைக்கிறது, கூட்டுகிறது.
எஞ்சின் சத்தம் ஒரு சுருதி இறங்கியது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

சுவரில் கரி அப்படியேதான்.
நகக்கண்ணிலும்.

போன் மின்னுகிறது.
அக்கா, ஜன்னல் கிரில்லுக்கு எண்பதாயிரம் கேக்கறாங்க.

கரி விரலால் தட்டுகிறேன்:
இங்க இப்ப முப்பத்தொன்பது டிகிரி.
மணி ஏழுகூட ஆகல.

இரண்டு நீல டிக்.
எழுதுகிறான்.
நிறுத்துகிறான்.
எழுதுகிறான்.